ரீஸ்லிங்குக்கு ரத்தினக் கம்பளம், கள்ளுக்குக் கைவிலங்கு

வட்டக்கோட்டை மதில் மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவில் தென்னையும் பனையும். கன்னியாகுமரியில் இருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். மார்த்தாண்டவர்மா காலத்தில் இந்தக் கோட்டையைத் திருத்திக் கட்டியவர் டிலனாய். 1741-ல் குளச்சல் போரில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சண்டை போட வந்து, பிடிபட்டு, கடைசியில் பிடித்த ராஜாவுக்கே தளபதி ஆன ஆசாமி. 1777-ல் இறந்தார். கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது.

அவர் வேலை பார்த்த அந்தக் கம்பெனியின் கப்பல்களில் ஹாலந்து சீஸும் போனது, இலங்கைத் தென்னங்கள்ளில் இருந்து வடித்த சாராயமும் போனது. அதாவது வெள்ளைக்காரன் சீஸும் தெக்கத்திக் கள்ளின் பிள்ளையும் ஒரே கம்பெனியின் கப்பல்களில் பயணம் செய்தவை. இன்றைக்கு? ஒன்று ஸ்டார் ஹோட்டலில் வெள்ளைத் தட்டில். இன்னொன்று போலீஸ் ஸ்டேஷனில் உடைந்த கலயத்தில்.

சரி, விஷயத்துக்கு வரலாம்.

பெங்களூர், மும்பை, சென்னை என்று பெரிய ஊர் ஹோட்டல்களில் ஒயின் - சீஸ் மாலை என்று ஒன்று நடக்கும். தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். வரிசையாக ஐந்தாறு கண்ணாடிக் கோப்பை, ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு ஒயின். எதிரே ஐந்தாறு வகை சீஸ் துண்டுகள். கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் எது எதோடு சேரும் என்று பாடம் எடுப்பார். ஜெர்மன் ஒயின் என்றால் பாடம் கொஞ்சம் நீளம். 1971 ஒயின் சட்டப்படி, பறிக்கும்போது திராட்சையில் எவ்வளவு சர்க்கரை என்பதை வைத்து கேபினெட், ஷ்பேட்லேஸே, அவுஸ்லேஸே என்று படிப்படியாக ஏறும். மோசெல் ஆற்றங்கரை ரீஸ்லிங் புளிப்பும் லேசான இனிப்புமாக இருக்கும், அதற்கு ஆட்டுப்பால் சீஸ். இனிப்பு தூக்கலான அவுஸ்லேஸேவுக்கு உப்பு தூக்கலான நீலப் பூஞ்சை சீஸ். வாசனை தூக்கும் கெவுர்ட்ஸ்ட்ராமினருக்கு நாற்றம் தூக்கும் முன்ஸ்டர்.

இதில் கிண்டல் பண்ண ஒன்றும் இல்லை. நிஜமாகவே அறிவுள்ள விஷயம் இது. புளிப்பு கொழுப்பை வெட்டும். இனிப்பு உப்பைத் தாங்கும். வலுவான வாசனைக்கு வலுவான வாசனைதான் ஜோடி. ஆல்கஹால் குறைவாக இருந்தால் காரம் நாக்கை எரிக்காது, அதிகமானால் எரிச்சல் கூடும். நான்கே விதி, அவ்வளவுதான்.

இப்போது இந்த நான்கு விதியையும் எடுத்துக்கொண்டு நாஞ்சில் நாட்டு அடுக்களைக்குள் வந்து பாருங்கள்.

மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து, பக்கத்தில் தேங்காய் அரைத்துப் புளிவிட்ட சாளை மீன்கறி. சாளை கொழுப்பு மீன். அதை வெட்ட ஒரு புளிப்பு வேண்டும். மிளகாயோ தாராளம், ஆகவே ஆல்கஹால் குறைவாக இருக்க வேண்டும். கொஞ்சம் இனிப்பு மிச்சம் இருந்தால் இன்னும் நல்லது. இந்த மூன்றும் சேர்ந்த ஒரு பானம் உலகத்தில் உண்டா? உண்டு. காலையில் இறக்கிய பனங்கள். மத்தியானத்துக்குள் இனிப்பு பாதி போய்ப் புளிப்பு ஏறி நிற்கும். நுரை வேறு. ஆல்கஹால் வழக்கமாக 4 முதல் 6 சதவீதம். மோசெல் கேபினெட் ரீஸ்லிங்கிலேயே பெரும்பாலும் 8, 9 சதவீதம் இருக்கும்.

வாசனைக்கு வாசனையா? சுட்ட கருவாடு இருக்கிறது. கருவாடு என்றதும் மூக்கைப் பொத்துகிறவர்கள் லிம்பர்கர் சீஸை ஒருமுறை மோந்து பார்க்க வேண்டும். மனுஷக் காலில் வாடை வரவைக்கும் பாக்டீரியாவின் சொந்தக்காரன்தான் அதன் மேல்தோலில் குடியிருக்கிறான் :-) ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஹாண்ட்கேஸே என்று ஒரு நாற்ற சீஸ். அதை வினிகரில் ஊறிய பச்சை வெங்காயத்தோடு தருவார்கள். பெயர் 'சங்கீதத்தோடு ஹாண்ட்கேஸே'. சங்கீதம் எங்கே என்றால், வெங்காயம் வயிற்றுக்குள் போன பிறகு வருமாம்! இதற்கு ஐரோப்பிய யூனியன் புவிசார் பாதுகாப்பே கொடுத்திருக்கிறது. நாற்றமும் வாயுவும் அங்கே பாரம்பரியம். கள்ளும் கருவாடும் இங்கே எஃப்.ஐ.ஆர்.

மிகையில்லை. தமிழ்நாட்டில் கள் இறக்கினால், விற்றால், குடித்தால் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971-ல் தளர்ந்து, 1973-74-ல் திரும்ப வந்து, 1981-ல் மறுபடி தளர்ந்து, கடைசியில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் மட்டும் தடையாயின. அந்த 'மட்டும்' என்ற வார்த்தையில்தான் மொத்த மேட்டரும் இருக்கிறது. பிராந்திக்கும் விஸ்கிக்கும் தடை இல்லை. 1983-ல் ஆரம்பித்த டாஸ்மாக் 2003-ல் சில்லறைக் கடைகளையும் தானே எடுத்துக்கொண்டது. 42.8 சதவீத ஆல்கஹாலை அரசாங்கமே கவுண்ட்டரில் வைத்து விற்கிறது. 2023-24-ல் இதில் அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். ஐந்து சதவீதக் கள் உடம்புக்கு ஆகாது, நாற்பத்து மூன்று சதவீத பிராந்தி மட்டும் ஆகும் என்பது எந்த ஊர்க் கணக்கு? பி.காம். முதல் வருஷப் பையனிடம் கொடுத்தால்கூட இந்த பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை என்று சொல்லிவிடுவான்.

மதுவிலக்கு அரசியல் சாசனத்தின் 47-ஆவது பிரிவில் இருக்கிறது என்று ஒரு வாதம் வரும். இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பிரிவு போதைப் பானங்களைப் பற்றிப் பேசுகிறது. 'பனைமரத்தில் இருந்து வருவது மட்டும்' என்று அதில் எங்கேயும் இல்லை. முழு மதுவிலக்கு என்று ஒரு அரசு நிஜமாகவே இறங்கினால், ஹோட்டல் பார் முதல் டாஸ்மாக் வரை இழுத்து மூடினால், கள்ளுக்காகப் பேச இங்கே ஒரு வரியும் இருக்காது. ஸ்டார் ஹோட்டலுக்கு எஃப்.எல்.3 லைசென்ஸ் உண்டு, கிளப்புக்கு எஃப்.எல்.2 உண்டு, பனையேறிக்கு மட்டும் ஒரு எழுத்தும் ஒரு நம்பரும் கிடையாது என்றால் அதற்குப் பெயர் மதுவிலக்கு இல்லை. ஆள் பார்த்துப் போடும் விலக்கு.

இனி ஜெர்மனிக்கே ஒரு நடை போய் வரலாம். அங்கே ஒயினில் பெரிய தலைகள் ரீஸ்லிங், ஷ்பேட்பர்குண்டர் என்றெல்லாம் இருந்தாலும், கள்ளுக்குக் கூடப் பிறந்த தம்பி ஒருவன் இருக்கிறான். பெயர் ஃபெடர்வைஸர். இலையுதிர் காலத்தில் திராட்சைச் சாறு புளித்துக்கொண்டு இருக்கும்போதே, முடியும் முன்பே, அப்படியே விற்பார்கள். கலங்கலாக, வெள்ளையாக, நுரைத்துக்கொண்டு இருக்கும். பாட்டிலை இறுக்கி மூட முடியாது, மூடினால் வெடிக்கும். சில நாளில் குடித்துவிட வேண்டும். 4 சதவீதத்தில் தொடங்கி நாளாக நாளாக ஏறும். தொட்டுக்கொள்ள வெங்காயம் போட்ட ஒரு அடை. படிக்கும்போதே கலயம் ஞாபகம் வரவில்லையா? கள்ளும் இதேதான். பாளையில் இருந்து சொட்டு விழும்போதே புளிக்கத் தொடங்குகிறது, அன்றைக்கே தீர வேண்டும், மறுநாள் காடிதான்.

இதைவிட முக்கியமான சமாச்சாரம் ஒன்று உண்டு. ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட். வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, அர்த்தம் புரிந்தால் போதும். ஜெர்மனியில் திராட்சை விவசாயி, தன் தோட்டத்தில் விளைந்து தானே செய்த ஒயினை, தன் வீட்டு முற்றத்திலேயே வருஷத்தில் நான்கு மாதம் வரைக்கும் விற்கலாம். ஹோட்டல் லைசென்ஸ் வேண்டாம். கூட எளிமையான சாப்பாடு கொடுக்கலாம். கடை திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு பூங்கொத்தோ, சில ஊர்களில் ஒரு வாரியலோ தொங்கும். ஆமாம், வீடு பெருக்கும் வாரியல்தான்! வாரியலைக் கழற்றினால் கடை மூடியாச்சு. சின்ன விவசாயி பெரிய கம்பெனியோடு போட்டி போட முடியாது என்று தெரிந்து சட்டமே அவனுக்கு ஒதுக்கிக் கொடுத்த இடம் அது.

இந்த வாரியல் சட்டம் அஞ்சுகிராமத்துக்கும் மயிலாடிக்கும் சுவாமித்தோப்புக்கும் ஏன் பொருந்தாது? பனைக்கும் சீசன் உண்டு. வருஷம் முழுக்க மதுக்கடை வேண்டும் என்று பனையேறி யாரும் கேட்கவில்லை. சொந்த மரம் அல்லது பாட்டத்துக்கு எடுத்த மரம், தானே ஏறி இறக்கிய கள், வீட்டு மீன்கறி, கிழங்கு, சாயங்காலத்தோடு கடை மூடல். இதில் எந்த இடத்தில் தமிழ்நாடு இடிந்து விழும்?

உடனே வரும் பதில்: "கலப்படம்." 1987 தடைக்குப் பக்கபலமாக இன்றைக்கும் சொல்லப்படும் காரணம் இதுதான். இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. ஏனென்றால் அது நிஜம். கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. களியக்காவிளை தாண்டினால் போதும், கப்பையும் மீன்கறியும் போர்டு போட்டே கிடைக்கும். அதே கேரளத்தில்தான் 2010 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் மெத்தனால் கலந்த கள் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இதை மறைத்துவிட்டுக் கள்ளுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் வியாபாரிகள்.

ஆனால் ஒயினின் கதையையும் கேட்டுவிட்டு முடிவு சொல்லலாம். 1985-ல் ஆஸ்திரிய ஒயினில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருப்பது ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டது. சாதா ஒயினை ஷ்பேட்லேஸே மாதிரி இனிப்பாக, கெட்டியாகக் காட்டுவதற்காகச் செய்த வேலை. ஜெர்மன் பாட்டில்காரர்கள் சிலரும் அதைத் தங்கள் ஒயினில் கலந்தது வெளியே வந்தது. அடுத்த வருஷமே, 1986-ல், இத்தாலியில் மெத்தனால் கலந்த ஒயின் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலப்புரத்தில் நடந்த அதே கதை.

அந்த நாடுகள் என்ன செய்தன? ஒயினைத் தடை செய்தனவா? திராட்சைக் கொடியை வெட்டினவா? ஆஸ்திரியா அதே 1985-ல் கடுமையான ஒயின் சட்டம் கொண்டுவந்தது. பரிசோதனை, முத்திரை, எந்தத் தோட்டத்தில் எவ்வளவு விளையலாம் என்ற கணக்கு. திருடனைப் பிடித்தார்கள், தோட்டக்காரனைக் காப்பாற்றினார்கள். இன்றைக்கு ஆஸ்திரிய ஒயினுக்கு உலகத்தில் நல்ல பெயர். தமிழ்நாட்டில் 1987-ல் நடந்தது தலைகீழ். கலப்படக்காரனைப் பிடிக்கத் துப்பில்லாமல் மரம் ஏறுகிறவனைப் பிடித்தார்கள்.

சரி, அந்தத் தடையாவது உயிரைக் காப்பாற்றியதா? 2023 மே மாதம் மரக்காணம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி, அறுபதுக்கும் மேல் பிணம். இரண்டிலும் குற்றவாளி மெத்தனால். ஆக, கள்ளுக்குத் தடை இருக்கும் ஊரிலேயே மெத்தனால் வீடு தேடி வருகிறது. மெத்தனாலுக்குக் கள்ளுக்கடை தேவையில்லை, கண்ணை மூடிக்கொள்ளும் நிர்வாகம் போதும்.

அடுத்த வாதம் இன்னும் கனமானது. குடி குடும்பத்தைக் கெடுக்கும். கெடுக்கும், சந்தேகமே இல்லை. ஈ.வெ.ரா. காங்கிரஸ்காரராக இருந்தபோது கள்ளை எதிர்த்துத் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டினார். அந்தக் கோபத்துக்குப் பின்னால் அடிபட்ட பெண்களும் பட்டினி கிடந்த பிள்ளைகளும் இருந்தார்கள். ஆல்கஹாலில் பத்திரமான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமே 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதனால் 'கள் மருந்து', 'கள் உணவு', 'தாய்ப்பாலுக்குச் சமம்' என்று மேடையில் முழங்குவதெல்லாம் சும்மா ரீல். கள் மது. குறைந்த போதையுள்ள மது. அவ்வளவே.

ஆனால் இந்த உண்மை ரீஸ்லிங்குக்கும் பொருந்தும் அல்லவா? ஒயின் மாலையில் யாரும் குடும்பத்தைக் கெடுப்பதாகப் பேச்சில்லை. அங்கே 'ரசனை', 'மென்மை', 'கலாசாரம்' என்ற சொற்கள்தான். ஒரே ஆல்கஹால், குடிக்கிறவன் சட்டையைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. பணக்காரன் நாக்குக்கு இருப்பது ரசனை, பனையேறி நாக்குக்கு இருப்பது கெட்ட பழக்கம். நஷ்டக் கணக்கு இங்கேதான். பணத்தில் இல்லை, மரியாதையில்.

மோசெல் கரையில் ப்ரெம் என்ற ஊரில் கால்மாண்ட் என்று ஒரு சரிவு இருக்கிறது. ஏறக்குறைய 65 டிகிரி செங்குத்து. அதில் தொங்கிக்கொண்டு திராட்சை பறிப்பவர்களைப் படம் பிடித்து விளம்பரம் பண்ணுவார்கள், 'இவ்வளவு கஷ்டப்பட்டு வந்த ஒயின்' என்று. பனையோ 90 டிகிரி! இடுப்பில் பாளை அரிவாள் பெட்டி, காலில் தளைநார், அறுபது எழுபது அடி உயரம், காலையும் மாலையும், ஒரு நாளைக்கு எத்தனையோ மரம். இந்த உழைப்பை எந்த லேபிள் சொல்கிறது? கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் அக்கானி, தடவாவிட்டால் கள். ஒருவர் நேர்மையான தொழிலாளியா, குற்றவாளியா என்பதை ஒரு விரல் சுண்ணாம்பு தீர்மானிக்கிறது. உள்ளே சுண்ணாம்பு குறைவு என்று சொல்லியே மிரட்டுகிறார்கள் என்பது பனையேறிகள் வருஷக்கணக்காகச் சொல்லிவரும் புகார்.

அக்கானியை விற்றுப் பிழைக்கலாமே, கருப்பட்டி காய்ச்சலாமே என்று கேட்பவர்கள் அடுப்படியில் ஒரு நாள் நிற்க வேண்டும். கருப்பட்டிக்கு விறகு வேண்டும், மணிக்கணக்கில் கிண்ட ஆள் வேண்டும், அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பெண். இவ்வளவும் முடித்துச் சந்தைக்குப் போனால் அங்கே சீனி கலந்த கருப்பட்டி பாதி விலைக்கு உட்கார்ந்திருக்கும். கள்ளுக்கு விறகு வேண்டாம், கொதிக்கவைக்க வேண்டாம், அன்றைய காசு அன்றைக்கே கையில். அந்த ஒரு வருமானத்தைச் சட்டம் பிடுங்கிக்கொண்டது. விளைவு என்ன? மகன் கொத்தனார் வேலைக்கோ வளைகுடாவுக்கோ போனான், மரம் செங்கல் சூளைக்குப் போனது. 2021-ல் பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்லது. மாநில மரம் அல்லவா. மரத்தைக் காப்பாற்றச் சட்டம் உண்டு, மரம் ஏறுகிறவனைக் காப்பாற்ற? ஏற ஆளில்லாத பனை, காகம் உட்காரும் கம்பம்.

மரம் ஏறுவது சாதி சுமத்திய வேலை, அதில் இருந்து தப்பித்து வந்த பிள்ளைகளை மறுபடி மரத்தில் ஏற்றப் பார்க்கிறீர்களா என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. யாரையும் ஏற்ற வேண்டாம். ஆனால் இன்றைக்கும் விரும்பியோ வேறு வழியில்லாமலோ ஏறிக்கொண்டு இருப்பவர்களைக் குற்றவாளியாக்குவது எந்த வகை விடுதலை? திருவிதாங்கூர் ராஜா பனைக்கும் பனையேறிக்கும் வரி போட்டார். ஜனநாயகம் வழக்கு போடுகிறது.

கடலுக்கு அந்தப் பக்கமும் தமிழர்கள்தான். யாழ்ப்பாணத்தில் கள்ளுக்குத் தவறணை உண்டு. பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு, சீவல் தொழிலாளி கொண்டுவரும் கள்ளைச் சங்கம் வாங்கி விற்கும். வடமராட்சியில் திக்கம் வடிசாலை இருக்கிறது. பனைக்கென்று அபிவிருத்திச் சபை 1978-லேயே வந்துவிட்டது. பனங்கள்ளைப் பாட்டிலில் அடைத்து வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். போர் தின்ற மண்ணில் முடிந்தது, பொருளாதாரத்தில் முதலிடம் என்று மார்தட்டும் மாநிலத்தில் முடியாதா?

கேட்பது அதிகம் இல்லை. கள்ளையும் வடித்த சாராயத்தையும் சட்டத்தில் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். பனையேறிக்கு சீசன் அனுமதி, அவர் மரம், அவர் கள், அவர் முற்றம், இத்தனை பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்ற வரம்பு. 21 வயதுக்குக் கீழே கிடையாது. மரத்தின் எண்ணிக்கைக்கு மேல் ஒரு லிட்டர் விற்றாலும் கலப்படம் என்று அர்த்தம், உடனே அனுமதி ரத்து. பரிசோதனைக்கு ஆள், கலப்படத்துக்குக் கடும் தண்டனை. இடையில் காண்ட்ராக்டர் யாரும் நுழையக் கூடாது. நுழைந்தால் டாஸ்மாக்கின் தம்பி பிறந்துவிடுவான்.

மட்டி வாழைப்பழத்துக்கும் மார்த்தாண்டம் தேனுக்கும் மயிலாடி கல்சிற்பத்துக்கும் 2023-ல் புவிசார் குறியீடு வந்தது. எல்லாம் இதே மாவட்டம். பழம் வந்தாச்சு, தேன் வந்தாச்சு, கல்லும் வந்தாச்சு. ஒரு எழுத்து தான் மிச்சம்... கல்லில் இருந்து கள்ளுக்கு.

அதுவரை வட்டக்கோட்டை மதில் மேல் நின்று பார்க்கிறவருக்குத் தெரிவது, ஏறுவார் இல்லாமல் ஓலை காய்ந்து தொங்கும் பனைகள்தான். டிலனாய் காலத்துக் கல் இன்னும் அசையவில்லை. பனை அவ்வளவு நாள் காத்திருக்காது.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு எந்த மதுவையும் தேடிப் போக வேண்டாம். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் சுண்ணாம்பு போட்ட அக்கானியோடும் பிரமாதமாகச் சேரும். அதற்குக் கேஸ் கிடையாது... கலயத்தில் சுண்ணாம்பு போதுமான அளவு இருக்கிறது என்று ஏட்டையா ஒத்துக்கொள்ளும் வரைக்கும் :-)